வண்டி இருந்தும் நடந்த கிழவர்

கொடைக்கானல் பள்ளியில் என்னோடு தாவரவியல் வாத்தியாராக இருந்த வேலுமணிக்கு ஒரே ஆசை: அமெரிக்காவில் மேல்படிப்பு. அங்கே ஒரு கல்லூரி இடம் தரத் தயார்தான். ஆனால் நுழைவுத் தேர்வில் ஆங்கிலச் சொல்லறிவுக்குப் போதிய மார்க் வேண்டும். வாக்கியத்தின் நடுவே கோடு இருக்கும், கீழே ஐந்து சொற்கள். பொருந்துவதைக் குறிக்க வேண்டும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அகராதியை உருப்போட்டான். என்னிடமும் ஒப்பித்தான். நான் காதில் வாங்கவில்லை.

1967இல் மதுரைக்குப் போய் எழுதினான். வந்ததும் பள்ளியிலிருந்த அமெரிக்க ஆசிரியரிடம் ஒரு கேள்வியைச் சொன்னான். தமிழில் சொன்னால் இப்படி: "வண்டி தயாராக இருந்தும் கிழவர் மலை உச்சிக்கு நடந்தே ஏறினார், பார்த்தவர்கள் அவரை ஒரு ______ என்று நினைத்தார்கள்."

"பக்திமான்னு குறிச்சேன் சார்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். 'கிறுக்கர்' என்பதுதான் விடை என்றார்.

வேலுமணிக்குப் பழனி அடிவாரம். அவன் அம்மா பாப்பம்மாள் அங்கே பூக்கடை வைத்திருந்தாள். மலைக்குக் கம்பியில் இழுக்கும் விஞ்ச் வண்டி வந்து ஒரு வருஷமாகியும் அறுநூற்றுச் சொச்சம் படிகளையும் நடந்தே ஏறுகிறவள். அந்த வீட்டுப் பிள்ளை வேறு எதைக் குறிப்பான்?

மார்க் வந்தது. கொஞ்சம் குறைந்துவிட்டது. மற்றக் கேள்விகளில் எத்தனை கோட்டை விட்டான் என்று அவன் யோசிக்கவே இல்லை. பழி முழுக்கக் கிழவர் தலையில் விழுந்தது.

அம்மாவிடம் சொன்னான். "ஏலே, சரியாத்தான எழுதியிருக்க? திருத்துனவன் நம்ம மலையப் பாத்திருக்க மாட்டான்" என்றாள் அவள். மகன் தேற வேண்டுமென்று மாதாமாதம் கார்த்திகைக்கு ஏறுவதாக வேண்டிக்கொண்டாள். ஏறினாள். முழங்கால் வீங்கிப்போனது.

மறு வருஷமும் எழுதினான். அதே கிழவர், அதே வண்டி, ஒரு கமாகூட மாறாமல் வந்து நின்றார். "விடை தெரியுதுங்க. கை வரல. பென்சில வச்சுட்டுச் சும்மா உக்காந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னான். மணி அடிக்கும் நேரத்தில் 'கிறுக்கர்' என்று குறித்தான்.

இந்த முறை தேவைக்கு ஒரே ஒரு மார்க் கூடுதலாக வந்தது.

அம்மாவோடு மலையேறி நேர்த்திக்கடனை முடிக்க வேலுமணி பழனிக்குக் கிளம்பினான். நானும் போனேன், வத்தலக்குண்டில் பஸ் மாறும்போதே எனக்கு இடுப்பு வலி. அடிவாரத்தில் விஞ்சைக் காட்டினேன்.

"விஞ்சுல போனா ஏறுனது விஞ்சுதான தம்பி, நானா?" என்றாள் பாப்பம்மாள். நானும் படியேறினேன்.

இடும்பன் சன்னதிப் பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏலே, அந்தக் கெழவரு கேள்வி திரும்பவும் வந்துச்சுன்னியே, இந்தத் தடவ என்ன எழுதுன?"

வேலுமணி என்னைப் பார்த்தான். நான் என் பாதங்களைப் பார்த்தேன்.

"பக்திமான்னுதாம்மா."

"அதான பாத்தேன். இந்தத் தடவ திருத்துனவன் நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு, கல்லைப் பிடித்து எழுந்து மேலே ஏறத் தொடங்கினாள்.

வேலுமணி நின்ற இடத்திலேயே அழுதான். அவள் திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டபோது, வேர்வை என்றேன்.