பேண்டு வாசித்த தாலாட்டு

என் மாமா டாக்டருக்குப் படிக்க உக்ரைனுக்குப் போய், டாக்டராகவும் மாப்பிள்ளையாகவும் திரும்பி வந்தவர். கூடப் படித்த அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். செய்தி கேட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அத்தை வந்து இறங்கி, அம்மா வைத்த மீன் குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் மீன் குழம்பில்தான் தீரும்.

எனக்கு அப்போது பத்து வயது. உப்பளத்தில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் மாமாவும் அத்தையும். அவர்களுக்கு ஒரு பையன் பிறந்ததிலிருந்து நானும் பாதி மாடிக்காரியாகிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கீழே எறிந்துவிட்டு நேரே தொட்டிலுக்குத்தான் போவேன். அவனைத் தூங்கவைக்க அத்தை ஒரே ஒரு பாட்டைத்தான் பாடுவாள். அது அவளுடைய அப்பா போட்ட பாட்டு.

அத்தையின் அப்பா இசையமைப்பாளர் என்றதும், சினிமாக்காரர் என்று நினைத்து வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அத்தைதான் திருத்தினாள். மேடையில் நூறு பேர் உட்கார்ந்து வயலினும் குழலுமாக ஒன்றாக வாசிப்பார்களே, அந்த மாதிரி இசையாம். சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, அக்கார்டியன் பழகி, தலைநகரத்துக்குப் போய்ப் படித்தவராம். அவர் எழுதிய பெரிய படைப்பு ஒன்றை, சோகமாக இருக்கிறது, மக்களுக்கு ஆகாது என்று அரசாங்கத்து ஆட்கள் கிடப்பில் போட்டுவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் பிள்ளைகளுக்கான பாட்டாக எழுதித் தள்ளினார். பிள்ளைகள் பாட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா? அத்தை பிறந்தபோது பிரசவ ஆஸ்பத்திரிக்குள் அப்பாக்களை விடமாட்டார்களாம். இவர் பனியில், ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, மாடியிலிருந்த மகளுக்காகப் பாடிய பாட்டுதான் இந்தத் தாலாட்டு. அங்கே பள்ளிக்கூடங்களில் எல்லாம் அதைப் பாடுவார்களாம்.

அந்த மனிதர் ஒரு சித்திரை மாதத்தில், கம்பளிச் சட்டையோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். பேரனைப் பார்க்க என்றுதான் பேர். பேரனையும் மகளையும் கையோடு கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. அவர்களுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்தது இந்த ஒரு மகள். மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. வெயிலில் வெந்து, குழந்தையோடு மாடியில் தனியாகக் கிடந்த அத்தை, போனில் அப்பாவின் குரல் கேட்டாலே அழுவாள். 'உனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்?' இதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவது என்று முடிவாகி, பாப்பாவின் துணிகள்கூடப் பெட்டிக்குள் போய்விட்டன. போனால் திரும்ப மாட்டாள் என்று அம்மா சமையலறையில் மூக்கைச் சிந்தினாள். மாமாவிடம் அந்தப் பெரியவர் 'குட் மார்னிங்' தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமாவிடம் யோசனைக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனார். அங்கே கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிற ஒரு பேண்டு மாஸ்டர் இருந்தார்.

"அவரு போட்ட பாட்டையே அவரு முன்னாடி வாசிச்சுக் காட்டணும் மாஸ்டர். மனுசன் உருகிடணும்."

"மியூசிக் நோட்டு கீதா?"

"பாட்டு இதோ கீது," என்று மாமா என்னை முன்னால் தள்ளினார்.

நான் பாடினேன். அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கிளாரினெட்டில் பிடித்துவிட்டார்.

"இது வேகமா வரணுமா, மெதுவாவா பாப்பா?"

"மெதுவா. தூங்க வைக்கிற பாட்டு."

"மெதுவான்னா நம்ம பசங்க கைல ஒரு அடிதான் சார் கீது. பரவாயில்லியா?"

அது என்ன அடி என்று மாமா கேட்டிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் பேண்டு திரும்பியது. அன்றைக்குத் தவளக்குப்பத்தில் ஓர் அடக்கத்துக்கு வாசித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போடும் சிவப்புக் கோட்டு இல்லை, சாவுக்குப் போடும் வெள்ளை உடுப்பு. பெரிய டிரம், சாவு ஊர்வலத்து நடையில், காலடிக்கு ஒரு தடவை 'டும்' என்றது. அதற்கு மேலே, அழுதுகொண்டே நடப்பதுபோல என் தாலாட்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கல்லறைக்குப் போகும் தெருவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. அந்த மேளம் கேட்டால் யார், எவர் என்று பார்ப்பதில்லை. பெட்டிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். எதிர்வீட்டு அக்கா மாவுக் கையைப் புடவையில் துடைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். முருகன் படம் மாட்டியிருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பேண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றதும் தெருவே பின்னால் வந்தது. ஒருவர் பெஞ்சு தூக்கிவந்து போட்டார். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ, மேட்டுப்பாளையத்தில் வேலைக்குப் போயிருந்த அப்பாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அம்மாவும் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, வாசல்படியில் அசையாமல் நின்றார். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் தொப்பியும் மெடலுமாக வந்து ஒரு சல்யூட் அடித்து, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொந்தோலேயான்ஸ், மொஸ்யே" என்றார். துக்கம் விசாரிக்கும் பிரெஞ்சு வார்த்தை அது. பெரியவருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் அவர்கள் பாஷையில் ஒப்பித்தார். தொலைந்தோம் என்று நான் தூணைக் கட்டிக்கொண்டேன். பெரியவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். சாவு வீட்டில் இப்படிச் சிரிப்பவரைப் பார்த்து, பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தையிடம் என்னவோ கேட்டார். அத்தை அம்மாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"யாரு செத்தாங்கன்னு தெரியாமலே இத்தினி பேரு வந்தாங்களான்னு அப்பா கேக்குறாரு அண்ணி."

"தெரியணுமா என்ன?" என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சாவு வூடுன்னா வந்து நிக்க வேணாமா?"

அத்தை அதை அப்படியே அவருக்குச் சொன்னாள். அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். மாமாவின் தோளில் கையை வைத்து என்னவோ சொன்னார். குட் மார்னிங் இல்லை, நீளமாக இருந்தது. மாமா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. பாடிக் கொடுத்தவள் நான்.

"பாட்டு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க அத்தை."

அத்தை கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார்.

"பாதி தப்பாம்," என்றாள் அத்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவ்வளவுதான், தந்திரம் தோற்றுவிட்டது, என்னால்தான் பாப்பா ஊருக்குப் போகிறான். விஷயம் தெரிந்து சிரித்துக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்தா தாத்தாவும் பெரியவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேண்டு மாஸ்டர் கிளாரினெட்டில் வாசிக்க, பெரியவர் நடுநடுவே பாடிக் காட்டிப் பாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். ஊரே சிரிக்கிறதே என்று எரிச்சலோடு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

அங்கே அத்தை கட்டி வைத்த பெட்டியைத் திறந்து போட்டிருந்தாள். பாப்பாவின் துணிகள் எல்லாம் வாளித் தண்ணீரில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தாள்.

"என்னா அத்தை இது? காலைல கிளம்பணுமே, எப்படிக் காயும்?"

வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு அத்தை சொன்னாள். "காயட்டும். நாளைக்குக் காயும். நாளன்னிக்குக் காயும்."

தமிழ்தான் சரியாக வராதென்று நினைத்திருந்தேன், கிழமைகூடவா குழம்பிவிடும் இவளுக்கு? காலையில் கார் வந்து வாசலில் நிற்கப்போகிறது, இவள் ஈரத்துணியோடு நிற்கப்போகிறாள். ஊருக்குப் போகிற நாளையே அத்தை மறந்துவிட்டாள் என்று அம்மாவிடம் கோள் சொல்வதற்காக, கண்ணைத் துடைத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கி ஓடினேன்.