நடு வீட்டை இடிக்காதவர்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து அரிசி ஏற்றிவரும் லாரிக்காரர் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "கம்பவுண்டர் சாமி, நம்ம ஓவர்சியர் சின்னச்சாமி போயிட்டாருங்க. அவரு ஊரு நல்லேப்பிள்ளியில வரப்பு மேல நடந்துட்டிருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராமுங்க." வேறு எப்படிப் போவார் அந்த மனுஷர்? படுத்துக் கிடந்து சாகும் பொறுமை அவருக்கு ஏது? கையிலிருந்த மருந்துக் குப்பியை எங்கே வைத்தேனோ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேவிகுளத்துப் பக்கம் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் டீ குடிப்பதும் தெரியும். நின்றபடியே, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு. "ஓய், என் பெஞ்சு உமக்கு என்ன பாவம் பண்ணித்து? செத்த உக்காரப்படாதோ?" என்று கல்பாத்திக்காரனான நான் கத்துவேன். "உக்காந்தா ரோசனை நின்னு போகுதுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொழிலாளருக்கு நல்ல வீடு கட்டித்தர வேண்டும் என்று சட்டம் வந்து, எங்கள் எஸ்டேட்டில் பழைய லயங்களை இடிக்கத் தொடங்கிய காலம். ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்த புகை படிந்த அறைகள் அவை. சரிவின் கீழே புகைபோக்கி வைத்த புது வீடுகள் எழுந்துவிட்டன. இடிப்பதும் குடியேற்றுவதும் சின்னச்சாமியின் பொறுப்பு. ஆனால் வேலைப் பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான் வீடு. கொழுந்து பறிக்கும் மாரியம்மாளுக்குப் பாறை உருண்டு வலக்கை நசுங்கியிருந்தது, பெயரை அடித்துவிட்டார்கள். புருஷன் இல்லை, சின்னப் பெண் ஒருத்தி. ஊருக்குப் போகச் சொன்னார் மானேஜர் துரை. "எந்த ஊருக்குய்யா போவச் சொல்லுதிய? எங்கம்மா என்னையப் பெத்ததே இந்த லயத்துலதான்" என்று அவள் கேட்டாள்.

சாவி கிடைக்கும்வரை மற்றவர்கள் தற்காலிகக் கொட்டகைகளுக்குப் போய்விட, சின்னச்சாமி வரிசையின் இரண்டு முனைகளிலிருந்தும் இடித்துக்கொண்டே வந்தார். நடுவிலிருந்த மாரியம்மாளின் அறையை மட்டும் விட்டுவிட்டார். துரை வந்து கத்தினார். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆளு குடியிருக்கற ஊட்டுல கடப்பாரை வெக்கமாட்டனுங்க" என்றார். எஸ்டேட் முழுக்க அன்று அதே பேச்சு. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் தொப்பலாக நனைந்து டிஸ்பென்சரிக்குள் ஓடிவந்தார். "தப்புப் பண்ணிப்போட்டனுங்க சாமி. ஒண்ணையொண்ணு புடிச்சுட்டு நின்ன ஊடுக. பக்கத்து ஊட்டை எடுத்துப்போட்டா இது எப்படி நிக்கும்? செவுரு ஊறிப் பிதுங்குது, வாங்க!" கட்டடம் கட்டியே காலம் தள்ளியவர், கோபத்தில் அதை மறந்திருந்தார். தாயையும் மகளையும் நாங்கள் வெளியே இழுத்து வந்த சற்று நேரத்தில் சுவர் விழுந்தது.

சின்னச்சாமி தன் குவார்ட்டர்ஸை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சிமெண்டு கொட்டகைக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனார். ஊர் சும்மா இருக்குமா? கண்டபடி பேசியது. "பேசட்டுமுங்க, அவுகளுக்கும் பொழுது போகோணுமல்ல" என்றார்.

புது வீட்டுச் சாவி கொடுக்கும் நாள். முதலில் கூப்பிட்ட பேச்சியம்மாள் கை நீட்டவில்லை. "மாரிக்கு வீடு இல்லன்னா எங்களுக்கும் வேண்டாம்யா. நாங்க சுவரு விழுந்ததப் பாத்தவளுவ" என்றாள். அடுத்தவளும் நீட்டவில்லை. வரிசை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. புது வீடுகள் காலியாகக் கிடந்தால் சட்டத்துக்கு என்ன கணக்குக் காட்டுவார் துரை? கடைசியில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு மாரியம்மாளை ஆயாவாகப் போட்டார். பெயர் பதிவில் ஏறியது, வீடும் கிடைத்தது. சின்னச்சாமிக்கு அந்த வாரமே வேலை போயிற்று.

பஸ் ஏற்றிவிடப் போனேன். "ஜெயிச்சுட்டீரே ஓய்!" என்றேன்.

"எங்கீங்க? ஊடு கெடச்சுது. ரூலு அப்படியேதான் கெடக்குது. நாளைக்கு இன்னொருத்தன் கை போனா, ஆரு கேப்பாங்க?"

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கத் தெரியாதா இந்த மனுஷருக்கு என்று எனக்குக் கோபம். பஸ் போன பிறகும் திட்டிக்கொண்டே வந்தேன்.

போன வாரம் தேயிலை ஃபாக்டரியில் இசக்கியின் கை மெஷினில் மாட்டியது. கட்டுப் போட்டவன் நான்தான். நேற்று அவன் பெயரை அடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். நான்கு பிள்ளைகள்.

அன்றைக்குத்தான் நல்லேப்பிள்ளியில் கருமாதி. சின்னச்சாமி வீட்டார் என்னை மன்னிக்க வேண்டும். அவர் விட்டுப்போனதில் எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்னால் பந்தியில் உட்கார முடியாது. ஞாயிறு காலை இசக்கியின் வாசலில் நிற்பேன். அவரைத் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.