பதினான்காம் நம்பரின் சபாநாயகர்

பதினான்காம் நம்பர் பஸ் டிரைவர் போக்குவரத்து மந்திரிக்குச் சகலை என்று ஒரு பேச்சு. கிளப்பிவிட்டவர் ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடைக்காரர். அவர் கடையில் மாத்திரை வாங்கினால் வதந்தி இலவசம். ஒரே வாரத்தில் மந்திரியும் டிரைவரும் தோளில் கை போட்டு நிற்கும் கல்யாண போட்டோவைக் கண்ணால் பார்த்ததாக நாலு சாட்சிகள் முளைத்துவிட்டார்கள். பின்னே, மேலிடத்தில் ஆள் இல்லாமல் ஒரு டிரைவர் அரசாங்க பஸ்ஸை ஒன்றரை கிலோமீட்டர் தன் இஷ்டத்துக்கு நீட்ட முடியுமா? கேள்வி நியாயம்தான். பதில்தான் வேறு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மசாலா வேண்டுமென்றால் மருந்துக்கடைக்குப் போய்க்கொள்ளுங்கள்.

ஆள் குள்ளம். வயது ஐம்பத்து மூன்று. இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தும் ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றிதான் தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு பஸ் தானாக வருகிற மாதிரி இருக்கும். ஹாரன் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொஞ்சம் ஓரமாப் போப்பா, கால் உன்னுதுதானே?" என்பார். அந்த மரியாதையில் மாடுகூட ஒதுங்கும்.

செய்தித்தாளில் அவர் சினிமா படிப்பதில்லை, விளையாட்டு படிப்பதில்லை. சட்டசபைக் கேள்வி பதில் மட்டும்தான். "ஒருத்தர் கேக்கறாரு, இன்னொருத்தர் சொல்றாரு. நடுவுல கொலை, கொள்ளை ஒண்ணும் கிடையாது. மனசுக்கு இதமா இருக்கு" என்பார். எந்த ஊரில் எத்தனை தெருவிளக்கு எரியவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். மற்றப் பக்கங்களால் முன்கண்ணாடியைத் துடைப்பார். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துத் தலைக்கு மேல் செருகிக்கொள்வார். இதைப் பார்த்துத்தான் கண்டக்டரம்மா அவருக்குச் சபாநாயகர் என்று பேர் வைத்தார். "சபாநாயகரே, சபை கலைஞ்சது, வண்டியை எடுங்க" என்பார். அந்தம்மாவின் விசிலை விட வாய்க்குத்தான் பஸ் பயப்படும்.

பஸ் மேட்டுப் பிரிவோடு திரும்பிவிடும். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். இறங்குகிறவர்கள் நடக்க வேண்டியதுதான். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிற தையல்காரரும் அப்படித்தான் நடப்பார். நாலு இடத்தில் உட்கார்ந்து, நாலு இடத்திலும் எழுந்து, ஒருவழியாக வாசலைத் தொடுவார். பிரிவில் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் ஓய்வு. டிரைவர் படிப்பது அப்போதுதான்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கத்தில் அவருடைய பஸ்ஸே வந்திருந்தது. பதினான்காம் நம்பரை ஆஸ்பத்திரி வரை நீட்டிக்க அரசு முன்வருமா என்று தொகுதி உறுப்பினர் கேட்டிருந்தார். மந்திரியின் பதில்: 'மேற்படி பேருந்து மருத்துவமனை வாயில் வரை தினமும் இயக்கப்பட்டு வருகிறது. ஆகவே இக்கேள்வி எழவில்லை.'

மந்திரி மேல் தப்பில்லை. ஆறு வருஷம் முன்பே உத்தரவு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் அப்போது கட்டடம் இடித்த கல்லும் மண்ணும் குவிந்து கிடந்ததால் பஸ் திரும்ப இடமில்லை. குப்பை அகன்றபோது உத்தரவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஃபைலில் மட்டும் பஸ் ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் வாசல் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

டிரைவர் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைக் கண்டக்டரம்மாவிடம் நீட்டினார்.

"எந்த ஊர் பதினாலு இது?" என்றார் அந்தம்மா.

"நம்ம பதினாலுதான்."

"அடேங்கப்பா! அப்போ நாம இப்ப எங்க நிக்கிறோம்?"

டிரைவர் தாளைத் திரும்ப வாங்கித் தலைக்கு மேல் செருகினார். ஓய்வு நேரம் பதினாறு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே வண்டியைக் கிளப்பி, திருப்பி, ஏற்றத்தில் விட்டார். முதல் திண்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த தையல்காரர் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறுங்க மாஸ்டர்."

"நான் இப்பதானேங்க இறங்கினேன்?"

"தப்பா இறங்கிட்டீங்க. இது வாசல் வரைக்கும் போற வண்டி."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒன்பதாம் நாள் டீசல் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. டிப்போ மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூன்று தரம் உதறுகிற ஜாக்கிரதைக்காரர் அவர். அனுமதியில்லாமல் பஸ்ஸைத் தடம் மாற்றி ஓட்டினால் வேலையே போகும். மெமோவும் அப்படித்தான் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"யாரைக் கேட்டு ஓட்டினீங்க?"

"யாரையும் கேக்கலை சார். பேப்பர்ல பார்த்தேன். ஓடுதுன்னு போட்டிருக்கு."

"யோவ், அது ஓடலைய்யா!"

"அப்படின்னு எழுதிக் குடுங்க சார், இன்னையோட நிறுத்திடறேன். சட்டசபையில மந்திரி சொன்னதுக்கு மாறா, பஸ் ஓடலைன்னு ஒரு வரி. கீழ உங்க கையெழுத்து."

மேனேஜர் பேனாவை உதறினார். இன்னும் இரண்டு தரம் உதறினார். பிறகு மூடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. மேலதிகாரிகள் முடிவு சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாதென்று டிப்போ பெஞ்சில் உட்கார வைத்தார். தலையணை இரண்டும் மடியில், ஆள் பெஞ்சில். வீட்டில் மனைவி, "ஊரையெல்லாம் வாசல்ல இறக்கிவிட்டீங்க. உங்களை இப்ப நடுத்தெருவுல இறக்கிவிடப் போறாங்க" என்றார். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அதுக்கும் ஒரு கேள்வி வரும், பார்ப்போம்" என்றார். சிரிப்பு மட்டும் வரவில்லை. வேறு தொழில் தெரியாத ஆள்.

மாற்று டிரைவர் பிரிவோடு வண்டியை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. தையல்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி வரைக்கும் போவுதுன்னு சட்டசபையிலயே சொல்லிட்டாங்க தம்பி. மேட்டைப் பார்த்து விடுங்க" என்றார். கண்டக்டரம்மா அந்தப் பக்கத்தின் இன்னொரு பிரதியைப் பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்தார். மாற்று டிரைவர் அதைப் படித்தார், பயணிகளைப் பார்த்தார், கியரைப் போட்டார். அடுத்த நாள் வந்த வேறு டிரைவரும் போட்டார்.

மேனேஜர் மேலே போன் செய்தார். அங்கிருந்து இன்னும் மேலே போனது. ஓடவில்லை என்று எழுத ஒரு கையும் நீளவில்லை. தண்டித்தால் ஏன் தண்டித்தீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேள்வி எழுந்துவிடும். டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்த பதினோராம் நாள் காலை மேனேஜர் அந்தப் பக்கம் வந்து, சுவரைப் பார்த்து, "பதினாலு இன்னும் கிளம்பலையா?" என்றார். அவ்வளவுதான் உத்தரவு. டிரைவர் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெமோ இன்றுவரை மேஜை டிராயரில், கையெழுத்தில்லாமல், சௌக்கியமாக இருக்கிறது.

போன வாரம் மருந்துக்கடைக்காரர் மருந்துப் பெட்டியோடு பஸ்ஸில் வந்தார். வாசலில் எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்து, டிரைவர் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, மச்சானுக்கு ஒரு மாத்தல் ஆகணும். உங்க சகலைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா..."

"எந்தச் சகலை?"

"மந்திரிதான்ணே. எங்கிட்டயேவா மறைக்கிறீங்க? பின்ன என்ன தைரியத்துல பஸ்ஸை இங்க கொண்டு வந்தீங்க?"

"எனக்கு இருக்கிறது ஒரே சகலை. கோழி வளக்கறான். அவன் பேச்சைக் கோழியே கேக்காது. தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கீழ பிரிவுல வண்டியைத் திருப்பி நிறுத்தினா, மாஸ்டர் மேடேறுறது இந்தப் பக்கக் கண்ணாடியிலதான் தெரியும். இருபது நிமிஷம், வாரம் மூணு நாள். பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சுய்யா. இறங்கு."

மருந்துக்கடைக்காரர் இறங்கினார். டிரைவர் வெளியே கையை நீட்டி, இனி மேட்டைக் காட்ட வேண்டாத அந்தக் கண்ணாடியைத் தன் சுண்டுவிரலால் ஒரு மயிரிழை உள்பக்கம் திருப்பி, வண்டியை எடுத்தார்.