நாலு நோ டிரம்ப்

யுத்தம் தொடங்கியிருந்த காலம். என் கணவர் கால்வாய் இலாகாவில் இன்ஜினியர். கோரிப்பாளையத்துக்கு வடக்கே சர்க்கார் வீடு கொடுத்திருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் திருவாதவூர்ப் பக்கம் மடை, மதகு என்று காம்ப் போட்டுத் தங்கிவிடுவார். வீட்டில் இருந்தாலும் பேச்சுக் குறைவு. கோபக்காரர் இல்லை. "சாப்பாடு போடு", "போயிட்டு வாரேன்", "கதவைச் சாத்திக்க" என்பதற்குமேல் என்னிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை. பிள்ளைகளும் எங்களுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் பிரிட்ஜ் சீட்டு ஆட வருவார்கள். நாலாவது ஆள் கிடைக்காததால் இவர் என்னையும் தனக்கு ஜோடியாக உட்காரவைத்தார். டாக்டர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சீட்டைக் கலைக்கும்போது அந்தம்மா ஏதோ சொல்ல, டாக்டர் சிரிப்பார்.

"ஆட்டத்துக்கு நடுவுல உங்க பாஷை கூடாது டாக்டர்" என்பார் இவர்.

"நாளைக்கு என்ன குழம்புன்னு கேக்குறா சார், வேற ஒண்ணுமில்ல."

எனக்கு அந்தக் குழம்புப் பேச்சின்மேல் பொறாமையாக இருக்கும்.

பிரிட்ஜில் ஜோடியின் கையிலுள்ள சீட்டைப் பார்க்கமுடியாது. ஏலம் கேட்பதை வைத்துத்தான் அவரிடம் என்ன இருக்கிறது என்று ஊகிக்கவேண்டும். 'நாலு நோ டிரம்ப்' என்றால் துருப்பே இல்லாமல் ஆடத் தயார் என்று அர்த்தம். அதையே 'உன்னிடம் எத்தனை ஏஸ்?' என்கிற கேள்வியாகவும் வைத்துக்கொள்ளலாம். எப்போது எது என்பதை ஜோடிகள் முன்கூட்டியே பேசிக்கொள்ளவேண்டும். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு நான் இஸ்பேட் கேட்டேன். அவர் ஒரு படி தாண்டி டைமன் கேட்டார். என் கையிலும் நல்ல டைமன் இருந்தது. மேலே போகலாம் என்று நினைத்து, ஏஸைக் கேட்பதற்காக "நாலு நோ டிரம்ப்" என்றேன். அவர் "பாஸ்" என்றார். ஏலம் அங்கேயே முடிந்தது. டைமனைத் துருப்பாக வைத்துப் பெரிய ஆட்டமாக ஆடியிருக்கவேண்டிய கை.

"டைமனை ஒத்துக்கிட்டதா நீ எங்க சொன்ன?" என்றார்.

"மனசுல ஒத்துக்கிட்டேங்க."

"மனசுல இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார். "இந்தா பாரு, இதை இன்னிக்கே பேசி முடிச்சிருவோம். உனக்கு என்ன தோணுது?"

கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு கேள்வி அவர் என்னைக் கேட்டதில்லை. "எப்பச் சொன்னாலும் கேள்விதான்னு வச்சுக்குவோமே. குழப்பம் இருக்காது" என்றேன்.

"அது சரிவராது. ஒரு ஜாதிச் சீட்டை ரெண்டு பேரும் வாய்விட்டு ஒத்துக்கிட்டாத்தான் கேள்வி. இல்லாட்டி வெறும் ஏலம். அம்புட்டுதான்."

ஒப்புக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. எதிராளி நடுவில் புகுந்தால்? இவரே முதலில் நோ டிரம்ப் கேட்டிருந்தால்? அவர் காம்பில் இருக்கும்போது இப்படி ஏதாவது யோசித்து வைத்துக்கொள்வேன். வந்ததும் கேட்பேன். தட்டில் கை காயக் காய விளக்கிச் சொல்வார். "பரவால்ல, யோசிக்கிறியே" என்று ஒருநாள் சொன்னார். அந்த நாலைந்து மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு டாக்டர் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார். எங்கள் ஆட்டம் நின்றது. இவர் கிளப்பில் ஆடப் போனார். அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. ஒருநாள் மாலை, கிளப்பில் இவருக்கு ஜோடியாக ஆடும் வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"நாலு நோ டிரம்ப்னா எப்பவுமே ஏஸ் கேக்குறதுன்னு வச்சுக்குவோம் சார். யோசிக்கவே வேண்டியதில்ல" என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுவும் சரிதான். அப்படியே வச்சுக்குவோம்" என்றார் இவர்.

டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அன்றைக்கு நானும் இதையேதான் சொன்னேன் என்பது அவருக்கு ஞாபகமே இருந்திருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வக்கீல் போனபிறகு கேட்டுவிடலாம் என்று இருந்தேன். இவர் உள்ளே வந்து, "ரசம் இருக்கா?" என்றார். "இருக்குங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஜட்கா வைத்துக்கொண்டு ஆற்றுக்குத் தெற்கே டாக்டர் மனைவியைப் பார்க்கப் போனேன். மாமியார் வீட்டில் இருந்தாள். "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதம் வந்து ரொம்ப நாளாயிற்று என்றாள். நான் வீட்டுக்காரர் சுகம் என்றேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அதற்குமேல் இரண்டு பேராலும் பேசமுடியவில்லை. பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாலம் தாண்டும்போது வெயில் இறங்கிவிட்டது. அவர் இன்னும் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்தேன். கிளப் நாளில் அவர் வெளியிலேயே சாப்பிட்டுவிடுவார்.