கொன்றைக்குப்பம் நிறுத்தம்

கொளஞ்சிநாதனுக்கு ஊர்ப் பெயர்கள் வரிசையாகத்தான் வரும். நடுவில் ஒன்றை மட்டும் கேட்டால் விருத்தாசலத்திலிருந்து ஆரம்பித்து அங்கே வந்து நிற்பார். பண்ருட்டி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஏறியபோது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டது. பழைய முதலாளி இறந்து, மகன் தேசிங்கு முதலாளி ஆகிவிட்டான். பஸ்ஸும் மாறிவிட்டது. வரிசை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வரிசையின் நடுவில் இருந்தது கொன்றைக்குப்பம். அவர் வாயில் கொன்னக்குப்பம்.

கண்டக்டர் வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. அப்பாவின் முந்திரிக்கொல்லையைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அது அண்ணன் சக்கரபாணிக்குப் போயிற்று. "பெரியவனுக்கு பெல்ட்டு, சின்னவனுக்கு விசிலு" என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். சக்கரபாணி சுரங்கத்தில் மண் போகும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். ராட்சசச் சக்கரம் மேல்மண்ணைச் சுரண்டிப் போடும். பெல்ட் அதைச் சுமந்துகொண்டு போய்த் தொலைவில் கொட்டும். மண்ணுக்கு அடியில்தான் கரி.

அந்தக் காலத்து ரோடு கொன்றைக்குப்பத்துக்கு உள்ளேயே போகும். இரண்டு பக்கமும் புளியமரம். பலாக் காலத்தில் பெண்கள் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். பலாப்பழம் என்றால் மேலே கட்ட வேண்டும் என்பது பழைய முதலாளியின் சட்டம். ஒரு பெண் மட்டும் கேட்கவில்லை. பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல கட்டலன்னா பழத்துக்கும் டிக்கெட்டு எடு" என்றான் கொளஞ்சி.

"அது மடியிலதான குந்தியிருக்கு? கைக்கொழந்தைக்கி டிக்கெட்டு கேப்பியா?"

"கைக்கொழந்த பஸ்ஸு முழுக்க மணக்குமா?"

"ஒனுக்குப் பொறந்தா எப்பிடி மணக்குமோ, யாரு கண்டா."

பஸ் மொத்தமும் சிரித்தது. டிரைவர் நாகமுத்து வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தான். கொளஞ்சி டிக்கெட் கிழிக்கவில்லை. அடுத்த தை மாதம் அவளையே கட்டிக்கொண்டான். பந்தியில் நாகமுத்து எல்லோரிடமும் சொன்னான்: "டிக்கெட்டு எடுக்காத பழத்துக்கு தண்டம் கட்டுறான் பாரு."

அவள் பெயர் செந்தாமரை. வாழ வந்த தெருவில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பக்கம் மருமகள்களுக்கு எல்லாம் பிறந்த ஊர்தான் பெயர். எதிர்வீட்டில் முதனையா, கோடிவீட்டில் ஆலடியா. இவள் கொன்னக்குப்பத்தா. மாமியார் கூப்பிட்டாள், கடைக்காரன் கூப்பிட்டான், கொஞ்ச நாளில் கொளஞ்சியும் கூப்பிட ஆரம்பித்தான். செந்தாமரை என்று யாராவது அழைத்தால் அவளே திரும்பிப் பார்க்க நேரமாகும்.

பிறகு சுரங்கம் கொன்றைக்குப்பத்துக்கு வந்தது. ஊரே கண்ணெதிரே காலியானது. ஓடு, கதவு, நிலைப்படி என்று பிரித்து ஏற்றிக்கொண்டு மாற்றுக் குடியிருப்புக்குப் போனார்கள். புளியமரங்களை வெட்டினார்கள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்த சக்கரபாணி, முகம் கழுவிக்கொண்டே தம்பி பெண்டாட்டியிடம் சொன்னான்.

"கொன்னக்குப்பத்தா, ஒங்க ஊரு இன்னிக்கி எம் பெல்ட்டுலதான் போச்சு."

"டிக்கெட்டு வாங்குனீங்களா மாமா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ரோடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. கொளஞ்சி நிறுத்தத்தையும் கூடவே கொண்டுபோனார். பள்ளத்தின் விளிம்பில், ஊர் இருந்த இடத்துக்கு நேராக, பஸ் வந்ததும் "கொன்னக்குப்பம்லாம் எழுந்து வா" என்று குரல் கொடுப்பார். முதலில் யாரும் இறங்கவில்லை. எழுந்து மட்டும் நின்றார்கள். எல்லோரும் ஒரே பக்கம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்ப்பார்கள். பஸ் சாயும். "உக்காருங்கய்யா, எல்லாரும் சேந்து கரி எடுக்கவா போறோம்?" என்று நாகமுத்து கத்துவான்.

ஒருமுறை செந்தாமரையும் அந்த பஸ்ஸில் வந்தாள். அவள் வீடு எங்கே இருந்தது என்று பக்கத்திலிருந்தவள் கேட்டபோது கீழே பார்க்கவில்லை. கையை நேராக நீட்டினாள். பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில், கழுகு ஒன்று சுற்றிக்கொண்டிருந்த உயரத்தில் அவள் விரல் நின்றது.

"அங்கதான். அந்தக் கழுவு பறக்குது பாரு, அதுக்குச் செத்த கீழ எங்க வாசல்."

பிறகு அங்கே ஷிப்ட் ஆட்கள் ஏறி இறங்கத் தொடங்கினார்கள். தேய்ந்துபோன பெல்ட் துண்டைக் கூரையாகப் போட்டு நாலு கம்பத்தில் கட்டினார்கள். டீக்கடை ஒன்று வந்தது. சங்கு ஊதினால் கூட்டம் சேரும். கரித்தூள் படிந்த முகத்தோடு ஏறி, "கொன்னக்குப்பம் ஏறுனது, விருத்தாசலம் ஒண்ணு" என்பார்கள். அந்த ஊரைப் பார்த்தேயிராத ஆட்கள். கொளஞ்சிக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது. பையிலிருந்து சில்லறை எடுக்கிற சாக்கில் ஒரு கணம் நின்று கேட்பார்.

இப்போது சுரங்கத்தை இன்னும் விரிக்கிறார்கள். இந்த ரோடும் போகிறது. புது ரோடு நெடுந்தூரம் சுற்றி, மண்மேட்டுக்குப் பின்னால் போகிறது. இத்தனை வருஷம் பெல்ட் கொட்டிய மண் அங்கே ஒரு மலையாக நிற்கிறது. தேசிங்கு பஸ் ஷெட்டில் உட்கார்ந்து டிக்கெட் மெஷினில் புது நிறுத்தங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். கொளஞ்சி பக்கத்தில் போய் நின்றார்.

"கொன்னக்குப்பத்த உட்டுட்ட தம்பி."

"நான் உடல. அதுதான் இல்ல. ரோடே அந்தப் பக்கம் போவலியேண்ணே."

"போன தடவையும்தான் போவல. நாம கூட்டிக்கிட்டுப் போனம்ல?"

"ஊரு என்ன ஆட்டுக்குட்டியா, பின்னாடியே கூட்டிக்கிட்டுத் திரிய? சுரங்கத்து எட்டாம் கேட்டுன்னு போட்டுட்டேன். அங்கதான் ஆளு எறங்குவான்."

"பேருதானப்பா. ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது."

தேசிங்கு நிமிர்ந்து பார்த்தான். "இது ஒங்க மாமியா வூடுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குன்னு ஊருக்கெல்லாம் டிக்கெட்டு அடிக்கச் சொல்றியா?" என்று சிரித்தான். கெட்ட மனசில்லை. ஆனால் பெயரைப் போடவில்லை.

கொளஞ்சி வீட்டுக்கு வந்து சொன்னார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த செந்தாமரை நிமிரவில்லை.

"மண்ணே போச்சு. பேர வச்சி வத்தலா போடப் போற?"

"நீ கொன்னக்குப்பத்தா இல்ல?"

"நாளைக்கி எட்டாங்கேட்டான்னு கூப்புடு. திரும்பிப் பாத்துட்டுப் போறேன்." ஈர்க்குகளைத் தனியே எறிந்தாள். "அந்த பெல்ட்டுக் கூரைய என்னா பண்ணப்போறாங்களாம்?" என்று கேட்டாள்.



புது ரோட்டில் முதல் நாள். தார் வாசனை போகவில்லை. இரண்டு பக்கமும் மரம் இல்லை. நாகமுத்துவுக்குக் கியரை எங்கே மாற்றுவது என்று கை தடுமாறியது. பஸ்ஸில் பாதிப் பேர் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள். புது வேலைத்தளத்துக்கு அன்றைக்குத்தான் அனுப்பப்பட்டிருந்தார்கள். மண்மேட்டின் நிழல் பஸ்ஸின் மேல் விழுந்தது. பள்ளத்து விளிம்பில் விழும் வெளிச்சம் மறைந்து, எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய புளியமர நிழலுக்குள் நுழைந்தது போலிருந்தது. கொளஞ்சியின் வாய் தானாகவே கத்தியது.

"கொன்னக்குப்பம்லாம் எழுந்து வா!"

விசிலும் அடித்துவிட்டார். நாகமுத்துவின் காலும் தானாகவே பிரேக்கை அழுத்தியது. பஸ் நின்றது. சுற்றிலும் ஒன்றுமில்லை. பழைய ஆட்கள் சிரித்தார்கள். "யோவ் கொளஞ்சி, எங்கய்யா கொன்னக்குப்பம்? மலைக்கி மேலயா?"

அவர் பதில் சொல்வதற்குள் வடக்கத்திப் பையன்கள் எழுந்து மடமடவென்று இறங்கிவிட்டார்கள். டப்பா, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும். கண்டக்டர் கொன்னக்குப்பம் என்று கத்தினால் இறங்குங்கள் என்றுதான் காண்ட்ராக்டர் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். நேற்று வரை அது சரியாகத்தான் இருந்தது.

"டேய், அது எட்டாங்கேட்டு, முன்னால இருக்கு, ஏறு ஏறு" என்று கொளஞ்சி கை காட்டினார். லல்லன் என்கிற பையன் மண்மேட்டைக் காட்டினான். மேட்டின் சரிவில் கன்று நடும் ஆட்கள் நின்றார்கள். வேலை அங்கேதான்.

"கொனாகுப்பம். சரி அண்ணா" என்று தலையை ஆட்டினான். எட்டாம் கேட்டில் இறங்கியிருந்தால் திரும்ப இவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வர வேண்டியிருக்கும்.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தபோது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மறுநாளும். அதற்கு மறுநாளும். மெஷின் "எட்டாம் கேட்" என்றுதான் அச்சடித்தது. டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு லல்லன் "கொனாகுப்பம் நாலு" என்றான். தேசிங்குவுக்குச் சேதி போயிற்று. "நிறுத்திட்டுப் போங்கண்ணே, கலெக்சன் வருதுல்ல" என்று போனை வைத்துவிட்டான்.

கொளஞ்சி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. நாகமுத்து சொல்லிவிட்டான்.

பலாக் காலம் வந்தது. ஒரு காலையில் தெரு முனையில் செந்தாமரை கை காட்டினாள். பண்ருட்டியில் இருக்கும் தங்கைக்குப் பழம் கொண்டுபோகிறாளாம். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எங்க?" என்றார் கொளஞ்சி, மெஷினைப் பிடித்துக்கொண்டு.

"பண்ருட்டி. நடுவுல கொன்னக்குப்பத்துல எறங்கி ஏறுவேன்."

"அதுக்கு ரெண்டு டிக்கெட்டு."

"பழத்துக்கு?"

"அது கைக்கொழந்த."

மண்மேட்டு நிழலில் பஸ் நின்றது. பழத்தை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். ரோட்டோரம் மேடு வெட்டுப்பட்டிருந்தது. ஒரு வரி செம்மண், ஒரு வரி களிமண், ஒரு வரி வெளுத்த மணல், எந்த ஊருடையது எது என்று தெரியாமல் கலந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் கிளறிப் பார்த்தாள். குனிந்து ஒரு ஓட்டுத்துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாட்டு ஓடு. எந்த வீட்டிலும் இருப்பதுதான். சரிவிலிருந்து லல்லன் கையை ஆட்டினான், அவளும் ஆட்டினாள்.

பஸ்ஸுக்குள் யாரோ "என்னாய்யா நிக்கிது?" என்றார்கள். நாகமுத்து ஹாரன் அடிக்கவில்லை. கொளஞ்சி விசிலை வாயில் வைத்தபடி படியிலேயே நின்றார்.

ஓட்டுத்துண்டை அவள் இருந்த இடத்திலேயே போட்டாள். ஏறி வந்து பழத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். கால் விரலிடுக்கில் செம்மண் ஒட்டியிருந்தது, தட்டவில்லை.

"அடி விசில" என்றாள். "வெயிலு ஏறுது."