இடது கன்னத்தில் ஒரு கறுப்புத் தையல்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தையற்கடைக் கூட்டாளி மஜீது வந்து, "தங்கராசு அண்ணன் நேத்து போய்ட்டாருலா" என்றார். வெறும் பையோடு வீடு திரும்பினேன். என் மனைவி திட்டவில்லை. அண்ணனுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை அவ்வளவு.

டிக்சன் சாலைக் கடையில் அவர் தையல், நான் இஸ்திரி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, இஸ்திரிப்பெட்டி கைவிடவில்லை. ஐம்பதுகளில் ஒரு துரைசானி அம்மாள் கான்வாஸ் துணியும் கட்டம் போட்ட தாளும் கொண்டுவந்தார். எந்தக் கட்டத்துக்கு எந்த நிற நூல் என்று தாளில் குறி இருக்கும். கட்டங்களை எண்ணி எண்ணிப் பெருக்கல் குறிபோல் தைத்தால் படம் வரும். எல்லாம் விக்டோரியா ராணி காலத்து ஓவியங்களாம். முட்டைக்கோசு போன்ற தொப்பி, ஜுரம் வந்த கன்னம், மடியில் அழுமூஞ்சி நாய். சர்க்கரைப் பாகைக் குடம் குடமாய் ஊற்றிய மாதிரி ஒரு பெண்குழந்தை. எனக்குக் குமட்டும். இன்றும் குமட்டுகிறது.

துரைசானிக்கு எண்ணப் பொறுமையில்லை. அண்ணன் எண்ணினார். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் பதில் எண்ணாகவே வரும்.

"டீ வேணுமாண்ணே?"

"நூத்து நாப்பத்தி ரெண்டு."

"அத்தனை டீக்கு நான் எங்கண்ணே போவேன்?"

முதல் படத்தின் மூலையில் 'த' என்று தம் எழுத்தைத் தைத்தார். துரைசானி பிரிக்கச் சொன்னார். பிரித்தார். மறுநாள் பார்த்தால், குழந்தையின் இடது கன்னத்தில் கறுப்பு நூலால் ஒரே ஒரு தையல்.

"திருஷ்டிப் பொட்டுடா. வெள்ளைக்காரப் புள்ளைன்னா கண்ணு படாதா?"

அதன்பின் அவர் தைத்த எந்தக் குழந்தையும் பொட்டில்லாமல் கடையைவிட்டுப் போனதில்லை.

ஒருநாள் திரைச்சீலை கொடுக்க ஒரு மண்டபத்துக்குப் போனேன். அங்கே கைவேலைக் கண்காட்சி. சுவரில் அண்ணன் தைத்த படம், முதல் பரிசு நாடா, கீழே துரைசானியின் பெயர். ஒரு பெண்மணி கன்னத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "மச்சம்" என்றார் துரைசானி, கொஞ்சமும் கூசாமல். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "நான் எத்தனை மாதம் உட்கார்ந்து தைத்தேன், சொல்" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து விரலில் அடங்கும். உண்மையைச் சொல்ல அது தாராளம். நான் சொன்னது: "சிக்ஸ் மன்த்ஸ், மேடம்."

கடைக்கு வந்து அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். ஊசி நின்றது. "ஆறா? நாலு மாசந்தாண்டா" என்றார். சற்றுக் கழித்து, "பொட்டைப் பிரிக்கலையே?"

"இல்லண்ணே."

"அது போதும்." கணக்கு விட்டுப்போயிருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

துரைசானி மேல் இருந்த அருவருப்பு அவர் கப்பலேறியதும் தீர்ந்தது. என் நாக்கின் மேல் உள்ளது தீரவில்லை.

என் மகள் பிறந்தபோது அண்ணன் அதே தொப்பிக் குழந்தையைத் தைத்துக் கொடுத்தார். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில், நான் சாப்பிடும் இடத்துக்கு நேரெதிரே அது தொங்குகிறது. அந்த நாயைப் பார்த்தபடி சோறு இறங்குவது கஷ்டம்தான். கழற்ற மாட்டேன். கன்னத்தில் பொட்டு இருக்கிறது; மூலை காலியாக இருக்கிறது. எழுத்தை வையுங்கள் அண்ணே என்று சொல்ல எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை.

அவரை அறிந்தவர்களே, அந்தப் படங்களில் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் இடது கன்னத்தைப் பாருங்கள். பொட்டு இருந்தால், தைத்தது தங்கராசு என்று அங்கேயே சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் எந்த மேடம் நின்றாலும். நான் சொல்லாமல் வந்துவிட்டேன்.