ஜமீலாக்காவின் தப்பு மடிப்பு

செவ்வாய்க்கிழமை காலையில் ஜமீலாக்காவின் மகள் ரஹிமா போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க." போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனி அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது என்கிற பயம்.

பூந்தமல்லியில் ஜமீலாக்காவைத் தையல்காரராக எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் சேனலில் இரண்டு கார்ட்டூன்களுக்கு நடுவே ஒரு நிமிடம் காகிதம் மடித்துக் காட்டிய கைகள் அவருடையவை என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் குட்டிப் படங்களை அம்பத்தூரில் ஒரு வாடகை அறையில் நான் எடுத்தேன். கேமரா மேஜையைப் பார்த்தபடி மேலே இருக்கும். முகம் வராது, பெயரும் வராது. தவளை, கப்பல், தொப்பி என்று ஆறு வருஷம் மடித்தார்.

முதல் நாளே எங்களுக்குள் சண்டை. ஒரு மடிப்பை வேண்டுமென்றே தப்பாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "அஞ்சு செகண்ட் வீணாப் போகுதுக்கா" என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"போவட்டும் வசந்தி. தப்பா மடிச்சா பிரிச்சுக்கலாம்னு புள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா? இல்லாங்காட்டி பேப்பரைக் கசக்கிப் போட்டுட்டு எய்ந்து பூடும்."

அதன் பிறகு எல்லாப் படத்திலும் ஒரு தப்பு மடிப்பு இருந்தது.

ஏழாவது வருஷம் அவர் விரல்களில் வெண்புள்ளிகள் வந்து மணிக்கட்டு வரை பரவின. மேக்கப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இன்னாத்துக்கு? காயிதம் மடிக்கிறது விரலா, கலரா?" என்று சிரித்துவிட்டு ஒரு மீன் மடித்தார். படத்தைப் பார்த்த சேனல்காரர், "குழந்தைங்க பயந்துடும் மேடம், கையை மாத்துங்க" என்றார். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நான், "சரி சார்" என்றேன். ஜமீலாக்காவிடம் நிகழ்ச்சியே நின்றுவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு கல்லூரிப் பெண்ணை வைத்து எடுக்க ஆரம்பித்தேன்.

அவர் வீட்டிலும் டிவி இருக்கிறது என்பது எனக்கு எப்படித்தான் மறந்ததோ. இரண்டே வாரத்தில் போன் வந்தது.

"புதுக் கை நல்லா கீது வசந்தி. ஆனா ரொம்ப வேகமா மடிக்குது. சின்னதுங்க கூடவே வர முடியாது. மெதுவா மடிக்கச் சொல்லு."

அவ்வளவுதான் பேசினார். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். திட்டாததால் தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன். வருஷா வருஷம் ரம்ஜானுக்கு டிபன் பாக்ஸில் பிரியாணி வந்தது. அதைக் கூச்சமில்லாமல் சாப்பிட்டேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி கஃபன் துணி சுற்றியிருந்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். ஆறு வருஷம் முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்தவளுக்கு அன்று கை பார்க்கக் கிடைக்கவில்லை.

ஆண்கள் ஜனாஸாவைச் சுமந்துகொண்டு அடக்கத்துக்குப் போன பிறகு, ரஹிமாவுக்கு என் போனில் அந்த மீன் படத்தைப் போட்டுக் காட்டினேன். எந்த டிவியிலும் வராத படம். வேப்பம்பட்டிலிருந்து உறவுக்காரர்களோடு வந்திருந்த ஐந்து வயதுப் பெண், ஜமீலாக்காவை முன்பின் பார்த்திராதவள், என் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். வெண்புள்ளி விரல்கள் தப்பாக மடித்தன, பிரித்தன, மறுபடி மடித்தன. நான் படத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க கைல பேப்பர் கீதா?"

அந்த ஒரு நிமிடப் படம் என்னிடம் இருக்கிறது. தப்பாக மடித்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று அதில் ஜமீலாக்கா இப்போதும் சொல்லிக்கொடுக்கிறார். அது பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னது என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.